தோலுரித்த அறக்குளா

எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும் மீனில் பாதி, மீன் மாதிரியே இருக்காது. தலை இல்லை, செட்டை இல்லை, தோல் இல்லை. பனி படிந்த பொலித்தீன் பைக்குள் வெள்ளையாக ஒரு தசைத்துண்டு, பையின் மேல் ஒரு இலக்கம். கூடவே வரும் கடிதத்தில் எப்போதும் ஒரே கேள்விதான்: இது அறக்குளாவா, இல்லையா?

தமிழ்நாட்டில் வஞ்சிரம் என்பதைத்தான் நாங்கள் அறக்குளா என்கிறோம். சிங்களத்தில் தோரா. முழு மீனாகக் கிடந்தால் எனக்கு வேலையே இல்லை. பெரிய அறக்குளாவான ஸ்கோம்பெரோமோரஸ் கமர்சோனின் உடம்பில் நெளிநெளியாகக் குறுக்குக் கோடுகள் இருக்கும். அதன் பக்கக்கோடு, அதாவது செவுள் பக்கமிருந்து வால் வரை உடம்பின் பக்கத்தில் ஓடும் கோடு, இரண்டாம் முதுகுச் செட்டை முடிகிற இடத்துக்குக் கீழே சட்டென்று இறங்கிப் போகும். அதே குடும்பத்துச் சின்னவனான கட்டேட்டஸில் வட்டப் புள்ளிகள். பக்கக்கோடும் மெல்லத்தான் வளையும். ஆனால் இந்த அடையாளம் எல்லாம் தோலில் இருக்கிறது. வெள்ளவத்தைச் சந்தையில் நான் வழக்கமாக மீன் வாங்கும் நானாவிடம் ஒரு துண்டைக் காட்டினேன். அமத்திப் பார்த்தார், மணந்து பார்த்தார். "தோல உரிச்சிட்டா எனக்கும் கஷ்டம்தான் தங்கச்சி" என்று திருப்பித் தந்துவிட்டார். நாற்பது வருடமாக மீன் வெட்டுகிற கை அது.

அங்கேதான் புரதம் உதவிக்கு வருகிறது. மீன் தசையிலுள்ள புரதத்தில் ஒரு பகுதி வெறும் தண்ணீரிலேயே கரைந்து வரும். துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் அரைத்து, வேகமாகச் சுழற்றித் தெளிவை எடுத்து, மெல்லிய ஜெல் தகட்டில் சில துளி வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறோம். தகட்டின் ஒரு முனை அமிலம், மறுமுனை காரம். ஒவ்வொரு புரதமும் தன்னுடைய மின்னேற்றம் பூச்சியமாகிற இடம் வரைக்கும் நகர்ந்து போய், அங்கேயே நின்றுவிடும். அந்த இடம் புரதத்தின் கட்டமைப்பைப் பொறுத்தது. கட்டமைப்பை எழுதுவது மீனின் மரபு. ஆகவே இனத்துக்கு இனம் கோடுகளின் வரிசை மாறும்.

முதலில் ஒன்றும் தெரியாது, தகடு கண்ணாடி போல இருக்கும். கூமாசி நீலத்தில் ஊறவைத்தால் முழுவதும் நீலமாகும். (கானா நாட்டின் குமாசி நகரத்துப் பழைய பெயர்தான் கூமாசி. கம்பளிக்குப் போட்ட சாயம் எங்கள் மேசைக்கு வந்தது.) பிறகு கழுவக் கழுவப் பின்னணி வெளுத்து, கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். அந்தக் கால் மணி நேரம் நான் தட்டின் பக்கத்தைவிட்டு நகர்வதில்லை. அமிலப் பக்கம் அழுத்தமாக நிற்பவை பார்வல்புமின் கோடுகள். மீன் ஒவ்வாமைக்கு முக்கிய காரணமான புரதமும் அதுதான். சமைத்த மீனில் மற்றவை கட்டிபட்டுப் போனாலும் அது சூட்டைத் தாங்கி நிற்கும். எதைப் பார்ப்பதற்கும் முதுகுப்பக்க வெள்ளைத் தசையையே வெட்ட வேண்டும். பக்கவாட்டில் ஓடும் கறுத்த தசை கலந்தால் இரத்தப் புரதங்களும் வந்து சேர்ந்து கண்ணைக் குழப்பும்.

எல்லா மீனையும் இதில் பிரிக்க முடியாது. கெலவல்லா என்று கொழும்பில் கேட்டு வாங்கும் மஞ்சள் செட்டைச் சூரையும் பெருங்கண் சூரையும் அவ்வளவு நெருக்கம். கோடுகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழும். ஈரல் கையில் இருந்தால் பெருங்கண்ணின் ஈரலில் வரிகள் தெரியும். துண்டுக்கு ஈரல் ஏது? அப்படி வந்தால் டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிவிடுவோம்.

நான் சொல்ல வந்தது 2022இல், இலங்கையின் பொருளாதார நெருக்கடி நேரம் நடந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. எங்கள் ஆழ்குளிர்ப் பெட்டியில் இருந்த ஒப்பீட்டு மாதிரிகள், அதாவது இன்ன மீன் என்று உறுதியாகத் தெரிந்து எடுத்து வைத்த துண்டுகள், உருகின, திரும்ப உறைந்தன, திரும்ப உருகின. கரண்ட் சீரானதும் பெட்டியைப் பார்த்தேன். எல்லாம் கல்லுப்போல இருந்தது. நன்றாக இருக்கிறது என்றே நினைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு வியாபாரியின் மீன் வந்தது. வாங்கியவர்கள் இது அறக்குளா இல்லை என்று பணத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜெல் ஓட்டினேன். அமிலப் பக்கத்துக் கோடுகள் பொருந்தின. நடுவில் மட்டும் அவருடைய மீனில் தெளிவாக இருந்த மூன்று கோடுகள் எங்கள் ஒப்பீட்டில் இழுபட்ட கறை மாதிரி இருந்தன. "பொருந்தவில்லை" என்று அறிக்கையைத் தட்டச்சு செய்துவிட்டேன். கையொப்பம் வைக்க வேண்டிய மூத்த அக்கா ஜெல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒப்பீட்டுத் துண்டு எப்ப வெட்டினது?" என்று கேட்டா.

போன வருடம்.

"அப்ப இதுக்குள்ள எத்தனை தரம் உருகியிருக்கும்?"

தசைக்குள் இருக்கிற நொதிகள் ஒவ்வொரு தரம் உருகும்போதும் புரதத்தைத் தின்றிருக்கின்றன. சந்தேகப்பட வேண்டியது எங்கள் துண்டை. நான் சந்தேகப்பட்டது வியாபாரியை.

பெட்ரோலுக்கு வரிசை நின்ற நாட்கள் அவை. பக்கத்து வீட்டு ஓட்டோக்காரத் தம்பி தன்னிடம் இருந்த கொஞ்ச எண்ணெயில், விடியுமுன் களனி ஆற்றுப் பாலம் தாண்டி என்னைப் பேலியகொடைச் சந்தையில் இறக்கினார். வெளிச்சத்துக்குக் கீழே நின்று, பக்கக்கோட்டை விரலால் தடவிப் பார்த்து, நல்ல முழு அறக்குளா ஒன்று வாங்கினேன். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, தலை செட்டையோடு படம் எடுத்து, அன்று காலையே வெட்டி ஓட்டினேன். நடுக்கோடு மூன்றும் வியாபாரியின் மீனில் இருந்த இடத்திலேயே வந்து நின்றன. அவர் விற்றது அறக்குளாதான். முதல் அறிக்கையை அக்கா என் முன்னாலேயே கிழித்தா. ஒரு வார்த்தை ஏசவில்லை.

இப்போது ஒப்பீட்டு மீனை 5 கிராம் துண்டுகளாகத்தான் வெட்டுகிறேன். ஒரு துண்டு, ஒரு பை, ஒரே ஒரு பரிசோதனை. மிஞ்சினால் திரும்பப் பெட்டிக்குள் போகாது. ஒவ்வொரு தட்டிலும் ஒரு சின்னக் குப்பியில் ஐஸ் உறையவைத்து, மேலே ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி வைத்திருக்கிறேன். பெட்டி உருகினால் குற்றி அடிக்குப் போய்விடும். காலையில் வந்ததும் கைப்பையை வைக்க முதல் அந்தக் குற்றியைத்தான் போய்ப் பார்க்கிறேன்.