பின்பாட்டிலிருந்து சின்னத்திரைக்கு

சீரியலில் நடிக்க ஆசைப்படும் நம் ஈரோடு, சேலம் பக்கத்துத் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, “சென்னையில் யாரைப் பார்க்க வேண்டும்?” என்பதுதான். போவதற்கு முன் ஊரில் எதைக் கற்றுக்கொண்டு போகிறோம் என்பதுதான் அதைவிட முக்கியம்.

நான் கற்றது மேட்டூருக்கும் பவானிக்கும் இடைப்பட்ட காவிரிக்கரை ஊர்களின் தெருக்கூத்தில். வாத்தியார் எடுத்த எடுப்பில் வேடம் கொடுத்துவிடவில்லை, பின்பாட்டுக்கு நிறுத்தினார். ஆடுகிறவர் பாடி முடிக்கும் அடியை வாங்கி நாங்கள் திருப்பிப் பாட வேண்டும். எந்த இடத்தில் மூச்சு விடுவார், எங்கே இழுப்பார், மிருதங்கம் எப்போது நிறுத்தும் என்று விடிய விடியக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். பிறகு சேவகன், தோழி என்று சின்ன வேடங்கள். துச்சாதனன் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று.

சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவும் கோவையில் சென்ட்ரல், பட்சிராஜா ஸ்டுடியோக்களும் இயங்கிய நாளில் நாடக நடிகர்கள் வேலை தேடி இங்கே வந்தார்கள். நாமோ சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியிருக்கிறது. அங்கே போய்க் கூத்துக்காரன் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். 1977-இல் ந.முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவே புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்திலிருந்து பாடம் எடுத்துக்கொண்டதுதான்.

ஆடிஷன் பெரிய காரியமில்லை. பெயர், வயது, உயரம் சொல்லி, முகத்தை இரு பக்கமும் திருப்பிக் காட்டி, கொடுத்த வசனத்தைப் பேசி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் பதில் வராது.

பரீட்சை படப்பிடிப்பில்தான். வசனத்தை மனப்பாடம் செய்ய நேரம் இராது. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரிவரியாக எடுத்துக் கொடுப்பார். குரலை டப்பிங்கில் சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு க்ளோசப் வைத்தபோது, எதிரில் அழ வேண்டிய அண்ணி கால்ஷீட் முடிந்து கிளம்பியிருந்தார். லைட் ஸ்டாண்டில் ஒட்டிய டேப்தான் அண்ணி. “வீடு உங்களுக்கே இருக்கட்டும் அண்ணி” என்று எனக்கான வரியை உதவி இயக்குநர் காய்கறி விலை சொல்வதுபோல் படித்தார். வசனத்துக்குக் காத்திருக்கும் கண்ணைக் கேமரா உடனே காட்டிக்கொடுத்துவிடும். அவர் குரல் ஓய்ந்த அதே மூச்சில் என் வரியை எடுத்தேன். பின்பாட்டில் பாட்டின் அடியை வாங்கித் திருப்பிப் பாடிய அதே பழக்கம். முதல் டேக்கிலேயே ஓகே ஆனது. “தம்பி மேடையில் இருந்தவரா?” என்று கேட்டார் இயக்குநர்.

குறைக்க வேண்டியவை குரலும் கையும். கடைசி வரிசைக்குத் தெரியத் தூக்கிப் பழகிய புருவத்தை அடக்கப் பல மாதங்கள் பிடித்தன. ஆனாலும் அது அடங்கிவிடும். காது அப்படியல்ல. அவசரத்தில் அதை யாரும் சொல்லித்தர முடியாது.

சம்பளம் நாள் கணக்கில். கைக்கு வர மாதக்கணக்காகும்; வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். நான் இன்னும் கூத்தை விடவில்லை; பங்குனி, சித்திரையில் நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, ஆடும் கூத்துக்கான தேதிகளைச் சீரியல் மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பின்பாட்டுக்கு இன்றும் ஆள் தேவைப்படுகிறது. கூத்து முடிந்த காலையில் வாத்தியாரிடம் போய்க் கேளுங்கள், சேர்த்துக்கொள்வார்.