செஸ்ட்நட் காட்டுப் பாதையில்

ஈரமான வேர் ஒன்று பாதையின் குறுக்கே கிடந்தது. முன்னால் சைக்கிளில் போன பையனுக்குப் பத்து வயதிருக்கும். பிரேக்கைத் தொடவே இல்லை. சீட்டிலிருந்து எழுந்து, முட்டியை லேசாக மடக்கி, வேருக்கு நேர் குறுக்காக ஏற்றிக் கடந்துவிட்டான்.

அதுதான் சரி. ஈர வேர்மேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். சாய்வாக ஏறினாலும் அப்படித்தான்.

"சூப்பர்டா கண்ணா!" பின்னால் வந்த அப்பாவின் குரல். காட்டுக்குள் தமிழைக் கேட்டதும் எனக்கும் உற்சாகம்.

சிங்கப்பூரின் செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா இது. புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்து வீவக (அரசு வீடமைப்புக் கழக) அடுக்குமாடி புளோக்குகளிலிருந்து கொஞ்ச நேரம் மிதித்தால் போதும். 81 ஹெக்டேர். நடப்பவர்களுக்குத் தனிப் பாதை, மலைச் சைக்கிளுக்குத் தனிப் பாதை.

நிலத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடுள்ள ஊரில் இதை விட்டுவைத்தார்களே, அதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பக்கத்து மத்திய நீர்ப்பிடிப்புக் காப்புக்காட்டுக்கு இது ஒரு அரண். கூட்டம் இங்கே வருவதால் உள்காட்டுக்குத் தொந்தரவு குறைகிறது.

ஒரு வேண்டுகோள்: பெருமழை விட்ட உடனே போகாதீர்கள். சேற்றில் டயர் போடும் தடத்தில் அடுத்த மழைநீர் ஓடி, பாதையையே அரித்துவிடும். ஒரு நாள் காயட்டும், அப்புறம் போகலாம்.