மகள் அறைக்குப் புது பிளக் பாயிண்ட்: இதுவரை நடந்தது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களுடையது பழைய வீடு, இடுப்பளவு கல், அதற்கு மேலே பலகை. மகள் படிக்கும் அறையில் இருந்ததே ஒரு பாயிண்ட்தான். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன், அந்த எக்ஸ்டென்ஷனில் இன்னொன்று, காற்றாடி, லேப்டாப், பிரிண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் அதிலேயே. இஸ்திரி போட்டு முடித்துப் பிளக்கைப் பிடுங்கினால் கை சுடும். பலகை வீட்டில் இதை வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

வயர் வேலையில் நான் கை வைக்கவில்லை. இங்கே அதைச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிந்த வயர்மேன்தான் செய்ய வேண்டும், சட்டம் அப்படி. எனக்கு மிச்சம் இருந்தது இடம் குறிப்பது, கேசிங் (வயரை மூடும் பிளாஸ்டிக் உறை) அடிப்பது, கணக்குப் பார்ப்பது. 2000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றே 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கிறது, காற்றாடியும் லேப்டாப்பும் சேர்ந்தாலும் 1 ஆம்பியரைத் தொடாது. ஆக, எத்தனை சாமான் மாட்டுகிறோம் என்பதைவிடச் சூடேறும் சாமான் எது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

வயர்மேன் அண்ணன் வந்ததும் மெயினை அடைத்து, டெஸ்டரால் சோதித்துவிட்டுத்தான் பழைய சாக்கெட்டைக் கழற்றினார். சிவப்பு வயரின் ஸ்க்ரூ தளர்ந்து கிடந்தது, வயரின் தோல் அந்த இடத்தில் மட்டும் பழுப்பேறி, நகத்தால் தொட்டதும் பொடிந்தது. சூட்டுக்குக் காரணம் அதுதான். “இதிலிருந்து இழுத்தா வேலை சீக்கிரம் முடியும் தம்பி, ஆனா வேணாம்” என்றார். வீட்டின் லைன்கள் எல்லாம் பிரியும் டிபி பெட்டியிலிருந்தே தனி லைன், அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே விழும் 20 ஆம்பியர் எம்சிபி, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், சிவப்பு, கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. வீட்டில் இருந்த இஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) 100 மில்லி ஆம்பியர் வகை, அதற்குப் பதிலாக இந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் போட்டார், ஏனென்றால் கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாமான்களுக்கு அதுதான் வேண்டும்.

கேசிங்கைப் பசை டேப்பில் ஒட்டலாம் என்று கடையில் சொன்னார்கள், பலகைக்கு ஸ்க்ரூதான் நிற்கும். ஜன்னல் ஓரம் ஒரு பலகையைத் தட்டியபோது உள்ளே வெற்றுச் சத்தம், கரையான். சாக்கெட்டை ஒரு கட்டை தள்ளி வைத்தேன், மேசைக்குக் கொஞ்சம் மேலே, வீடு கழுவும்போது தண்ணீர் தெறிக்காத உயரத்தில். சாக்கெட்டுகள் எல்லாம் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ளவை. இந்த விஷயத்தில் மலிவு பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் மெகர் (வயரின் தோல் வழியே கரண்ட் கசியுமா என்று பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தார், குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டுமாம், எங்களுக்கு நிறையவே காட்டியது. அப்புறம் இஎல்சிபியின் டெஸ்ட் பட்டன், டக்கென்று விழுந்தது. மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இஸ்திரிப் பெட்டிக்கு இப்போது தனிப் பாயிண்ட், பிளக் சுடுவதில்லை.

அடுத்தது சமையலறை. அங்கே ரைஸ் குக்கரும் கெட்டிலும் ஒரே எக்ஸ்டென்ஷனில் ஓடுகின்றன. வயர்மேன் அண்ணன் வரும்வரை இரண்டையும் ஒன்றாகப் போடாதீங்க என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் கேட்டால்தானே.