கூட்டினால் ஒன்பது: பழைய எம்ஜிபி ஒன்றின் நாட்குறிப்பு

மார்ச் 9, 2024, சனி

நாற்பது மைலில் முப்பத்தெட்டு மைல் நானே ஓட்டி வந்தேன். மிச்சம் இரண்டு மைலுக்கு வண்டி லாரியின் முதுகில் ஏறி வந்தது. இங்கிலாந்தில் நான் வசிக்கும் ரெடிங்கின் ஊர்ப்பலகை கண்ணில் படும் தூரத்தில், பெட்ரோல் தீர்ந்ததுபோல் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. முள்ளோ அரை டேங்க் என்கிறது.

1970ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் கார். இரண்டு கதவு, துணிக் கூரை, கரும்பச்சை, கம்பிச் சக்கரம். 1962 முதல் 1980 வரை, இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஆபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அதனால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. முழு உடற்கூட்டையே 1988 முதல் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இதைச் சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன். லாரியிலிருந்து இறக்குவதைப் பார்த்த மனைவி, "இதைத்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்றீர்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 10, ஞாயிறு

சாவியைத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து டிக் டிக் என்று வேகமாகக் கேட்க வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்களின் கிண்ணங்கள் நிறைந்ததும் அது மெல்ல ஓய வேண்டும். இந்த வண்டியின் மின்சார பெட்ரோல் பம்ப் அப்படித்தான் பேசும். இன்று காலை திருப்பினேன். பக்கத்து வீட்டுப் புறா சத்தம்தான் கேட்டது.

வலது பின்சக்கரத்தை ஒட்டிப் படுத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் பம்பின் தலையில் ஒரு தட்டு. உடனே டிக் டிக். காரணம் எளிது. உள்ளே ஒரு காந்தச் சுருள் சவ்வை இழுக்கிறது. இழுத்து முடிந்ததும் ஒரு ஜோடி பாயிண்ட், அதாவது ஒன்றையொன்று தொடும் உலோக முனைகள், விலகி மின்சாரத்தை வெட்டுகிறது. ஸ்பிரிங் சவ்வைத் திரும்பத் தள்ளும்போது பெட்ரோல் முன்னே போகிறது. பழைய காலிங் பெல் வேலை செய்வதைப் போலத்தான். ஒவ்வொரு டிக்குக்கும் பாயிண்டில் ஒரு குட்டிப் பொறி. பொறி தின்று தின்று முனை கருகிவிட்டால் மின்சாரம் பாயாது. தட்டினால் அந்த அதிர்ச்சியில் எப்படியோ ஒட்டிக்கொள்ளும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தேன். நினைத்தபடியே கரி. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டினேன். புது பாயிண்ட் செட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. ஆனால் என்னைத் திகைக்க வைத்தது பாயிண்ட் அல்ல. மின்சாரம் வண்டியின் தகரம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப உதவும் எர்த் வயரை, பம்பின் பக்கம், யாரோ ஒருவர் மரத்துக்கு அடிக்கும் திருகாணியால் பெயின்ட் மேலேயே முடுக்கி வைத்திருந்தார். ஐம்பது வயது வண்டியில் மூப்பு வேறு, முன்னால் வைத்திருந்தவர்கள் பார்த்த வேலை வேறு. இரண்டாவதுதான் எனக்கு அதிகச் செலவு வைக்கப்போகிறது என்று ஏனோ தோன்றுகிறது.

பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிட்டேன். விரலால் வளைத்ததும் பாளம் பாளமாக வெடித்தன. செப்டம்பர் 2021 முதல் இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது ஆகாது. இனி ஐந்து சதவீத வகைதான், விலை கூடினாலும்.

மார்ச் 16, சனி

இடது இண்டிகேட்டரைப் போட்டால் பின்னால் பிரேக் விளக்கும் சேர்ந்து மங்கலாகக் கண் சிமிட்டுகிறது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் நின்றுபோகிறது. பார்க்கிறவர்கள் பேய் பிடித்தது என்பார்கள். எர்த் சரியில்லாதபோது மின்சாரம் வேறு விளக்கின் வழியாக வீடு திரும்பப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

இந்த வண்டிகளின் வயர் நிறங்கள் ஒரு மொழி மாதிரி. கறுப்பு எர்த். பழுப்பு நேராக பேட்டரியிலிருந்து வருவது. வெள்ளை சாவி திருப்பினால் உயிர் பெறுவது. அதே மின்சாரம் ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது, ஊதாக் கோடு பிரேக் விளக்கு. ஒரு நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தால் வரைபடமே வேண்டாம். ஆனால் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால், யாரோ ஒரு சுருள் சிவப்பு வயரை வாங்கி, பச்சையோடும் கறுப்போடும் ஊதாவோடும் அதையே முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார். எது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கவே மதியம் கழிந்தது.

விளக்குக் கூட்டின் கீழே தகரத்தைப் பளபளவென்று தேய்த்து, வாசலின் தடவி எர்த்தை முடுக்கினேன். பேய் போய்விட்டது. செலவு: ஒரு துண்டு உப்புத்தாள்.

மார்ச் 23, சனி

நாள் முழுக்க மழை. பானெட்டைத் தொடவில்லை.

மார்ச் 30, சனி

ஈஸ்டர் விடுமுறை. இன்று டேப்பெட், அதாவது எஞ்சின் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்யும் வேலை.

மதுரையில் அப்பா வாடகைக்கு ஓட்டிய அம்பாஸடரின் எஞ்சினும் இதுவும் ஒரே குடும்பம். அது 1,489 சி.சி., இது 1,798 சி.சி.; இரண்டும் பிரிட்டனில் பிறந்த பி-சீரிஸ் என்ற எஞ்சின் வகை. பானெட்டைத் திறந்த முதல் நாளே அந்த வால்வு மூடியின் வடிவம் எனக்குப் பழகிய முகமாக இருந்தது. காளவாசல் பக்கம் ஒரு பட்டறையில் பத்து வயதுப் பையனாக டார்ச் பிடித்து நின்றிருக்கிறேன்.

தொலைபேசியில் அப்பாவிடம், "டேப்பெட் செட் பண்ணப் போகிறேன், எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?" என்றேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது. ஆனால் சட்டென்று பதில் வந்தது. "எதிலிருந்து வேண்டுமானாலும் ஆரம்பி தம்பி. கூட்டினால் ஒன்பது வர வேண்டும்."

அதுதான் கணக்கு. எட்டு வால்வு, முன்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைப் பார்க்க வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. நான்காவது திறந்திருந்தால் ஐந்தாவதை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நான்காவது கியரில் போட்டு, சமதளத்தில் வண்டியைக் கையால் இஞ்ச் இஞ்சாகத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். மகள் தள்ளினாள், நான் பார்த்தேன். "நில்" என்று நான் சொல்வதற்கும் அவள் நிற்பதற்கும் இடையே ஒவ்வொரு முறையும் ஒரு வால்வு தாண்டிப்போனது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.015 அங்குலம் இடைவெளி வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு வெண்ணெயில் கத்திபோல், சற்றே பிடித்து இழுக்க வேண்டும். இரண்டாவதும் ஏழாவதும் 0.022, நான் இவ்வளவு நாளாகக் கேட்ட டக் டக் சத்தம் இவைதான். ஐந்தாவதில் 0.008 தகடுகூடத் திணறியது. அது புகை போகும் வால்வு. எஞ்சின் சூடானால் வால்வுத் தண்டு நீளும்; இடைவெளி இல்லாவிட்டால் முழுதாக மூடாது; மூடாவிட்டால் எரியும் வாயு அதன் விளிம்பைத் தின்றுவிடும். இந்த ஐந்தாவது ஒரு சத்தமும் போடவில்லை.

மாலையில் அப்பாவிடம் சொன்னேன். "கத்துகிற டேப்பெட்டுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள், கத்தாததற்குத்தான்" என்றார். பிறகு, "நீ டார்ச்சை எப்போதும் வேறெங்கோதான் காட்டுவாய்" என்றும் சொன்னார்.

ஏப்ரல் 6, சனி

கார்புரேட்டர் இரண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் மூச்சு முட்டி, பிறகுதான் எடுக்கிறது. இரண்டின் தலையிலும் பித்தளைத் தொப்பியைக் கழற்றினால் எண்ணெய் இருக்க வேண்டும்; ஒன்றில் சொட்டுகூட இல்லை. அந்த எண்ணெய்தான் பிஸ்டனைச் சட்டென்று மேலே துள்ளவிடாமல் பிடிக்கிறது. ஊற்றியதும் பாதி வியாதி தீர்ந்தது.

அடுத்து, ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டிலும் 'உஸ்' ஒரே அளவாகக் கேட்கும்வரை திருகினேன். கலவைக்கு இன்னொரு சோதனை: பிஸ்டனை அடியிலிருக்கும் ஊசியால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். துவண்டு அணைந்தால் குறைவு. சற்றே ஏறித் தணிந்தால் சரி. முன் கார்புரேட்டரில் அதிகம், பின் கார்புரேட்டரில் குறைவு. இரண்டும் சேர்ந்து சராசரியாகச் சரியாக இருந்ததால்தான் வண்டி இவ்வளவு நாள் ஓடியிருக்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள். பாயசம் சாப்பிட்டுவிட்டு, முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்குக் கிரீஸ் அடிக்கலாம் என்று கிளம்பினேன். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் பக்கத்துக்கு மூன்று. 3,000 மைலுக்கு ஒரு முறை அடிக்காவிட்டால் இறுகிப்போகும். இடது பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். உள்ளே இருந்த துணியை எடுக்கக் கதவைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை.

சாவியில்லை, பூட்டில்லை. ஜாக்கியை இறக்கினால் திறக்கிறது. ஏற்றினால் கதவின் பின்மேல் மூலையில் இருந்த இடைவெளி காணாமல் போகிறது. தகரம் தகரத்தைக் கடிக்கிறது. நெஞ்சு திக்கென்றது.

இந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே எலும்பு. மேலே கூரையும் இல்லை. ஆகவே கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் பெட்டி மாதிரியான தகரம், இங்கே சில் என்பார்கள், அதுதான் முதுகெலும்பு. அது போனால் வண்டி நடுவில் மடியத் தொடங்கும். ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்து வந்து சில் நெடுகிலும் ஓட்டினேன். முன்பக்கம் ஒட்டியது. நடுவிலும் ஒட்டியது. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் காந்தம் கையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். பிடிவரை உள்ளே போனது. வெளியே வந்தது துருவும் பட்டியும் கண்ணாடி நாரும். அதன்மேல் பெயின்ட் மட்டும் கண்ணாடி போல.

விளக்கு, பம்ப், டேப்பெட் என்று ஒரு மாதமாகக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். இந்த வண்டியில் வேகமாக வளைவுகளும் எடுத்தேன்.

ஏப்ரல் 20, சனி

வெல்டர் வந்து பார்த்தார். தன் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார்: டிங், டிங், டிங், தொப். வலது பக்கமும் அப்படியே. சில் ஒன்றல்ல, மூன்று அடுக்கு. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு. வெளியே மட்டும் ஒட்டித் தருகிறவர்களிடம் போக வேண்டாம் என்றார். வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி வளைந்த நிலையிலேயே இறுகிவிடும்.

நாற்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு மே 2018 முதல் இங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. வாங்கும்போது அதை ஒரு சலுகையாக நினைத்துச் சிரித்தேன். வேண்டுமென்றால் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். நான் ஆண்டுதோறும் கட்டப்போகிறேன்.

வெல்டர் சொன்ன தொகையை இங்கே எழுதவில்லை. மனைவியும் இதைப் படிக்கிறாள்.

ஜூன் 8, சனி

வண்டி திரும்பி வந்தது. இடது பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். வலது பக்கமும். கடைசியில் கிங்பின்களுக்கு இன்றுதான் கிரீஸ் அடித்தேன்.

வெட்டி எடுத்தவற்றை வெல்டர் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார். பழைய தகரத்தின் மேல் அடுத்த தகரம், அதற்கும் மேல் இன்னொன்று. மூன்று பேர் மூன்று காலத்தில் ஒட்டியது. பட்டிக் கட்டிகளை மட்டும் பொறுக்கி சமையலறைத் தராசில் வைத்தேன். 1 கிலோ 900 கிராம். மனைவி மாடியிலிருந்து இறங்குவதற்குள் தராசை இரண்டு முறை கழுவித் துடைத்து வைத்துவிட்டேன்.