மூன்றாவது டியூபா

மகளுக்கு 11 வயது. பெரிய பித்தளை ஊதுகருவியான டியூபாதான் ஊதுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். புதிது கட்டுப்படியாகாது என்பதால் பழையதைத் தேடினேன்.

முதலில் பார்த்தது கண்ணாடிபோல் மின்னியது. மயங்கியவன் நான்தான். அவளை நாற்காலியில் உட்காரவைத்து மடியில் நிறுத்தியபோது, ஊதும் முனை அவள் நெற்றிக்கு நேராக நின்றது. பி பிளாட் சுருதியில் ஒலிக்கும் டியூபாவின் குழாயை நீட்டினால் ஏறக்குறைய 18 அடி வரும். எவ்வளவு சுருட்டினாலும் பிள்ளைக்கு அது அண்டாதான். சிறுவர்களுக்கென்றே முக்கால் அளவில் செய்கிறார்கள். சுருதி அதேதான், உடம்புதான் சிறியது.

அடுத்துப் பார்த்த முக்கால் அளவு டியூபாவில், ஒலி வெளிவரும் அகன்ற வாயோரம் ஒடுக்கு விழுந்திருந்தது. அதனால் பெரிய கேடில்லை. ஊதும் முனையை ஒட்டிய ஒல்லிக் குழாயில் ஒடுக்கு இருந்தால்தான் வம்பு. அங்கே இளஞ்சிவப்புப் புள்ளிகள் உண்டா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப்போனதன் அடையாளம் அது. நல்லவேளை, இல்லை.

பிறகு சுரத்தை மாற்ற விரலால் அமுக்கும் வால்வுகள். வால்வை அமுக்காமல் அதன் சிறு குழாயை வெளியே இழுத்து, அப்புறம் அமுக்கினால் 'டப்' என்று சத்தம் வர வேண்டும். இரண்டு வால்வுகள் டப்பென்றன. மூன்றாவது வாயே திறக்கவில்லை. வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் தேய்ந்து காற்று கசிகிறது. விட்டுவிட்டோம்.

கடைசியாகக் கிடைத்ததோ மெருகு உரிந்து சொறி பிடித்ததுபோல் இருந்தது. ஆனால் டப், டப், டப்! அவள் ஊதிய முதல் சுரம் எருமை கத்தியதுபோல் கேட்டது. வாங்கிவிட்டேன்.