தில்லி நாட்குறிப்பு: வண்டியேறி வந்த கற்கள்

டிசம்பர் 3, செவ்வாய்

"திங்கட்கிழமை வந்து இறங்காதே. செங்கோட்டை கிடையாது, மியூசியம் கிடையாது, தாமரைக் கோயிலும் கிடையாது" என்று சித்தப்பா போனிலேயே சொல்லிவிட்டார். ஆகவே செவ்வாயில் ஆரம்பம். தெற்கிலிருந்து வடக்கே போகச் சொன்னதும் அவர்தான். மெஹ்ரௌலி, துக்ளகாபாத், ஃபிரோசாபாத், ஷாஜகானாபாத் என்று தில்லியின் தலைநகரங்கள் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் நகர்ந்தன. வெள்ளைக்காரன்தான் திரும்பத் தெற்கே வந்தான்.

மெட்ரோவில் மஞ்சள் தடம், குதுப் மினார் நிலையம், அங்கிருந்து ஆட்டோ. மினார் 72.5 மீட்டர். 1981-ல் உள்ளே படிக்கட்டில் நெரிசலில் சிக்கி 45 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், இறந்துபோனதிலிருந்து மேலே யாரையும் விடுவதில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி. கூட்டமெல்லாம் அங்கே நின்றுவிடுவதால் பக்கத்து மசூதியின் தூண் வரிசை காலியாகக் கிடக்கிறது.

எனக்கு அதுதான் விருந்து. 27 கோயில்களின் கல்லைக் கொண்டு கட்டியதாக வாசலில் அவர்களே கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். உயரம் போதாத இடத்தில் ஒரு தூணின் தலையில் இன்னொரு தூணைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். மேல்தூணும் கீழ்த்தூணும் ஒரே கோயிலைச் சேர்ந்தவை அல்ல என்பது வேலைப்பாட்டிலேயே தெரிகிறது. சங்கிலியில் தொங்கும் மணி, இலை வழியும் பூரணகும்பம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. முகங்களை மட்டும் கொத்தியிருக்கிறார்கள்.

நடு முற்றத்து இரும்புத் தூணும் இந்த ஊர்க்காரன் அல்ல. 7 மீட்டருக்கு மேல் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலம். விஷ்ணுவுக்கு நட்ட கொடிமரம் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்து உதயகிரியிலிருந்து வந்தது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. துரு ஏன் ஏறவில்லை என்பதை ஐஐடி கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார்: இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே மெல்லிய காப்புப் படலம் உண்டாகிவிட்டது. முன்பெல்லாம் முதுகைக் காட்டி நின்று தூணைக் கட்டிப்பிடிப்பார்களாம். இப்போது வேலி.

டிசம்பர் 4, புதன்

ஹுமாயூன் கல்லறை. எல்லாரும் எழுதிவிட்டார்கள், நானும் எழுதவேண்டியதில்லை. காலையில் போங்கள், அவ்வளவுதான்.

சொல்லவேண்டியது அங்கிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள ரஹீம் கல்லறையைப் பற்றி. அக்பரின் தளபதி, கவிஞர் அப்துல் ரஹீம் கான்-இ-கானான் தன் மனைவிக்காகக் கட்டி, பிறகு தானும் அடங்கிய இடம். ஷாஜகான் மும்தாஜுக்குக் கட்டுவதற்கு முன்பே இது எழுந்துவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் அவத் நவாப் சஃப்தர்ஜங்கின் சமாதிக்குக் கல் வேண்டுமென்று இதன் சலவைக்கல்லை உரித்து எடுத்துப்போய்விட்டார்கள். மதியமே சஃப்தர்ஜங் சமாதிக்கும் போனேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் உரிக்கப்பட்டதைப் பார்த்த கண்ணோடு போனால் ரசிக்க முடியவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

ஃபிரோஸ் ஷா கோட்லா, பழைய கோட்டையின் இடிபாடு. கும்ப்ளே 1999-ல் பத்து விக்கெட்டும் எடுத்த மைதானத்துக்கு அடுத்த காம்பவுண்டு. பேர்பாதி சுற்றுலாப் பட்டியல்களில் இது இல்லை. என்னைக் கேட்டால் முதல் இடம் இதற்குத்தான்.

அடுக்கடுக்காக எழுந்த ஒரு கட்டடத்தின் உச்சியில் அசோகர் தூண் நிற்கிறது. ஒரே கல், 13 மீட்டர். ஹரியானாவின் தோப்ரா கிராமத்தில் நின்றதை 1356 வாக்கில் ஃபிரோஸ் ஷா துக்ளக் இங்கே கொண்டுவந்தார். இலவம்பஞ்சு மெத்தைமேல் மெல்லச் சாய்த்து, நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றி, ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து யமுனைக்கு இழுத்து, அங்கிருந்து படகில். வந்து சேர்ந்த பிறகு எழுத்தைப் படிக்கப் பண்டிதர்களைக் கூப்பிட்டால் ஒருவருக்கும் புரியவில்லை. 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர் படித்தார்.

ஐந்தாம் வகுப்பில் நாமெல்லாம் மனப்பாடம் செய்த "அசோகர் சாலையோரம் மரங்களை நட்டார்" இந்தத் தூணில் இருக்கிறது! நிழலுக்கு ஆலமரம், மாந்தோப்பு, கிணறு என்று அவரே சொல்கிற ஏழாவது கட்டளை வேறு எந்தத் தூணிலும் கிடையாது. வாத்தியார் இதைச் சொல்லியிருந்தால் பரீட்சையில் கூட இரண்டு வரி எழுதியிருப்பேன்.

வியாழக்கிழமை வரச் சொன்னதற்குக் காரணம் வேறு. அன்றைக்கு ஜின்களுக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஆவிகளுக்கு, மனுப் போடும் நாள். கீழே இருட்டறைகளில் அகல்விளக்கு, ஊதுபத்தி, ரோஜா இதழ், சுவரெல்லாம் கரி. கற்களின் இடுக்கில் மடித்த காகிதங்கள். ஒரு பெண்மணி ஒரே மனுவை ஜெராக்ஸ் எடுத்துவந்து மாடம் மாடமாக வைத்துக்கொண்டே போனார். மேலே பாஸ்போர்ட் அளவு போட்டோ, கீழே விலாசம். "எந்த ஜின் எந்த டிபார்ட்மென்ட்டுன்னு நமக்குத் தெரியாதில்ல, அதான் எல்லாருக்கும் காப்பி" என்றார் சித்தப்பா. மத்திய அரசில் முப்பது வருஷம் கோப்பு தள்ளியவர்.

சாயங்காலம் நிஜாமுதீன் தர்கா, கவ்வாலி என்ற சூஃபிப் பாட்டு. நெரிசல் கடுமை. செருப்பைப் பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 6, வெள்ளி

செங்கோட்டை வெளியே பிரம்மாண்டம், உள்ளே காலி. மயிலாசனம் 1739-ல் பாரசீகத்து நாதிர் ஷாவோடு போனது. அரசரின் தனி அவை மண்டபமான திவான்-இ-காஸின் வெள்ளிக் கூரையை 1760-ல் மராத்தியர் பெயர்த்து உருக்கினார்கள். 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துப் பட்டாளத்துக் கொட்டடி கட்டினார்கள். அந்தக் கொட்டடிகளில் ஒன்றில் இப்போது நேதாஜி அருங்காட்சியகம். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்த தமிழர்களை நினைத்தாவது உள்ளே போய்வரலாம். ஐஎன்ஏ அதிகாரிகள் மீதான வழக்கு 1945-ல் இந்தக் கோட்டைக்குள்தான் நடந்தது.

சாந்தினி சௌக்கில் தௌலத் கி சாட். பால் நுரை, குங்குமப்பூ, வாயில் வைத்ததும் காணோம். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும்.

டிசம்பர் 7, சனி

இந்தியா கேட்டிலிருந்து ரைசினா மேட்டை நோக்கி நடந்துபாருங்கள். தூரத்தில் கம்பீரமாகத் தெரிந்த குடியரசுத் தலைவர் மாளிகை, கிட்டே போகப்போகத் தரைக்குள் இறங்குகிறது. ஒரு கட்டத்தில் குவிமாடத்தின் உச்சி மட்டும்தான். சரிவின் கணக்கு அப்படி. இதற்காகப் புது தில்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர்கள் லட்யென்ஸும் பேக்கரும் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

இந்தியா கேட் பக்கத்து மண்டபத்தில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1960-களின் கடைசியில் எடுத்துவிட்டார்கள். 2022-ல் அங்கே நேதாஜி வந்தார். அதற்கான கருங்கல்லைத் தெலங்கானாவின் கம்மத்திலிருந்து 140 சக்கர லாரியில் கொண்டுவந்தார்களாம். ஃபிரோஸ் ஷாவுக்கு 42 போதுமானதாக இருந்தது.

ஜார்ஜ் எங்கே போனார்? வடக்கே புராரி சாலையில், காரனேஷன் பார்க்கில் நிற்கிறார். குரு தேக் பகதூர் நகர் மெட்ரோவிலிருந்து ஆட்டோ. கல்கத்தாவிலிருந்து தலைநகரை தில்லிக்கு மாற்றுவதாக 1911 டிசம்பரில் அவர் அறிவித்தது இங்கேதான். அடிக்கல்லும் இங்கேதான் நட்டார். பிறகு இடம் சரியில்லை என்று கல்லையும் ரைசினாவுக்கு மாற்றிவிட்டார்கள். பார்க்கில் ஜார்ஜுக்குத் துணையாகச் சில வைஸ்ராய்களின் சிலைகள், மூக்குடைந்த நிலையில். சித்தப்பா தில்லிக்கு வந்த நாளாக இந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை. "பரவாயில்லடா, வெயில்ல உட்கார நல்ல எடம்" என்று ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தார்.

டிசம்பர் 8, ஞாயிறு

இரவு ரயில். பகலில் தேசிய அருங்காட்சியகம். மொஹஞ்சதாரோ நடனப் பெண் வெறும் பத்தரை சென்டிமீட்டர்தான். பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து பெரிய சிலை என்று நினைத்துப் போகிறவர்கள் கண்ணாடிக்குள் தேடுகிறார்கள்.

சோழர் செப்புத் திருமேனிகளில், புதுக்கோட்டை திருவரங்குளத்து நடராசரை விடாதீர்கள். காலைத் தூக்கி ஆடும் கூத்தல்ல. இரு முழங்காலும் மடங்கிய சதுர தாண்டவம். பக்கத்தில் நின்ற பஞ்சாபிக் குடும்பத்துப் பையன் அதேபோல் முழங்காலை மடக்கி நிற்கப் பார்த்தான், இடுப்பு ஒத்துழைக்கவில்லை. "இவரு நம்ம ஊரு" என்று சித்தப்பா அவனிடம் இந்தியில் ஆரம்பித்தார். முடிக்க அரைமணி நேரம் ஆனது, சாப்பாட்டை ஸ்டேஷனில்தான் பார்த்துக்கொள்ளவேண்டியிருந்தது.