பெர்சியனா, சயாமீஸா?

எங்கள் வீட்டுக்கு ஒரு பூனை வாங்க வேண்டும்; எந்த இனம் என்பதில்தான் இழுபறி. தோழி வீட்டுப் பெர்சியன் பூனையின் கண்ணோரத்தில் பழுப்பாய் ஒரு கோடு. தோழி ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டாள். பேசி முடிப்பதற்குள் மறுபடி கசிந்திருந்தது.

"தினமும் இப்படியா?"

"தினமும்தான். முடி சிக்கெடுக்கிறது தனி."

மூக்கு உள்ளே அமுங்கிய முகம்தான் அழகு என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனம். கண்ணீர் இறங்கும் பாதை வளைந்துபோய் வெளியே வழிகிறது. சிலவற்றுக்கு மூச்சும் சிரமம். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் வேறு. தாய்க்கும் தகப்பனுக்கும் மரபணுப் பரிசோதனை ஆயிற்றா என்று கேட்காமல் குட்டியைத் தொடவே கூடாது.

பிள்ளைகளின் ஓட்டு இதற்குத்தான். கட்டிப்பிடிக்க வசதியாம்!

என் ஓட்டு சயாமீஸ் பூனைக்கு. குட்டை முடி, சீப்பு வேலை குறைவு. பிறக்கும்போது வெள்ளையாக இருக்கும். பிறகு உடம்பில் சூடு குறைந்த காது, முகம், பாதம், வால் மட்டும் கறுக்கும். இதைச் சொன்னதும் சின்னவள் கட்சி மாறிவிட்டாள்.

ஆனால் அது வாய் ஓயாது. குழந்தை அழுகிற மாதிரி ஒரு குரல். ஆளில்லாவிட்டால் ஏங்கிப்போகும். எங்கள் வீடோ பகல் முழுக்கப் பூட்டியே கிடக்கும்.

"அப்போ ரெண்டு சயாமீஸா வாங்கிட்டா? ஒண்ணுக்கொண்ணு துணையாச்சே" என்கிறான் பெரியவன்.

அவன் அப்பா இன்னும் வாயைத் திறக்கவில்லை.